கைப்பிடியும் தடுப்பும்: படிக்கட்டுக் கிராதியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து ஒருநாள் கருத்தரங்கு ஒன்று நடத்தினோம். தலைப்பு 'உடலும் அதிகாரமும்'. இடம், கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. வாடகை குறைவு. நாற்காலி, மின்விசிறி உண்டு. கீழேயே டீக்கடை. சிறுபத்திரிகைக்காரர்கள் கூட்டத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? காலை அமர்வில் நான் கட்டுரை வாசித்தேன். ஃபூக்கோவை முன்வைத்து, நவீன அதிகாரம் மனித உடலை எப்படி அளக்கிறது, வரிசைப்படுத்துகிறது, பழக்குகிறது என்று முப்பது பக்கம். விவாதம் சூடாகத்தான் நடந்தது.

ஒன்றரை மணிக்குச் சாப்பிட இறங்கினோம். டீக்கடை பெஞ்சில் எங்கள் நண்பர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனவர். வலது கையில் ஊன்றுகோல். காலை பத்து மணிக்கே வந்துவிட்டாராம்.

"என்ன தோழர், மேல உடம்பு பத்திப் பேசி முடிச்சாச்சா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

முதல் மாடிவரை ஏறியிருக்கிறார். இடது பக்கம் பிடித்துக்கொள்ளக் குழாய் இருந்தது. இரண்டாம் மாடிக்குப் போகும் படியில் கம்பிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. மேலே ஓட வேண்டிய குழாயைக் காணோம். எப்போதோ கழன்று விழுந்து, பழைய இரும்புக்குப் போயிருக்கும். நாங்கள் எல்லோரும் அந்தப் படியில்தான் ஏறினோம். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. கம்பிகள் நின்றதால் கிராதி இருப்பதாகவே நினைத்துக்கொண்டோம்.

குற்ற உணர்ச்சியில் இரண்டு பேர், "வாங்க தோழர், தூக்கிக்கிட்டுப் போயிடறோம்" என்றார்கள். அவர் முகம் மாறிவிட்டது. "என்னைத் தூக்க வேணாம். அந்தக் குழாயை மாட்டுங்க, போதும்."

அன்று பிற்பகல் அமர்வில் என் கவனம் நிற்கவில்லை. அந்தக் குழாயைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். ஒன்றுமே தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததும் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் குறிப்புகள். கட்டடக்கலை வரலாறு எழுதுவது என் நோக்கமல்ல. நம் காலடியிலும் கையடியிலும் கிடக்கும் ஒரு பொருளுக்குள் எத்தனை அரசியல் இருக்கிறது என்று பார்ப்பதுதான்.

2

முதலில் உறுப்புகள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வயதான ஒரு மர ஆசாரி. "கிராதின்னா ஒரு சாமான் இல்ல தம்பி, நாலஞ்சு சாமான்" என்று ஆரம்பித்தார்.

கீழே முதற்படியோடு நிற்கும் கனமான கம்பம் ஒன்று. ஆங்கிலத்தில் 'நியூவல்' என்பார்கள். யாராவது தடுமாறிச் சாயும்போது அந்தப் பாரத்தைத் தரைக்கு இறக்குவது பெரும்பாலும் இதுதான். இது ஆடினால் மொத்தக் கிராதியும் ஆடும். அடுத்து, படிக்கு ஒன்றோ இரண்டோ வீதம் நிற்கும் சிறுகால்கள், 'பலஸ்டர்'. மரமென்றால் பட்டறையில் கடைசல் பிடித்தவை, வயிறும் கழுத்துமாக இருக்கும். இவற்றுக்கு இரண்டு வேலை: மேலே உள்ள சட்டத்தைத் தாங்குவது, இடைவெளியை அடைப்பது. சிறுகால்களின் தலையில் ஓடுவது கைச்சட்டம். படி திரும்பும் இடத்தில் சரிந்துகொண்டே வளைகிற முறுக்குத் துண்டு. கடைசியில் சட்டம் முடியும் இடத்தில் ஒரு சுருள் அல்லது குமிழ். அது வெறும் அழகுக்கல்ல. வெட்டிய முனை அப்படியே நின்றால் சேலை மாட்டும், குழந்தையின் கண்ணில் குத்தும்.

உறுப்புகள் ஐந்து என்றாலும் பயன் இரண்டுதான். ஒன்று, பிடி. ஏறுகிறவர் தன்னை இழுத்துக்கொள்ள, இறங்குகிறவர் தன்னை நிறுத்திக்கொள்ள, இருட்டில் வழி தெரிய, கால் தவறினால் கை காப்பாற்ற. இன்னொன்று, தடை. பக்கவாட்டில் விழுந்துவிடாமல் மறிப்பது. இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதால் ஒன்றென்று நினைக்கிறோம். இரு பக்கமும் சுவர் உள்ள படியில் தடை தேவையில்லை, பிடி கட்டாயம் தேவை. எங்கள் கருத்தரங்கக் கட்டடத்தில் தலைகீழ்: தடை நின்றது, பிடி போயிருந்தது.

தமிழிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. மொட்டை மாடியைச் சுற்றி நாம் கட்டுவதற்குப் பெயர் கைப்பிடிச்சுவர். அதை யாரும் கையால் பிடிப்பதில்லை. ஒன்பதங்குலச் சுவரை எந்தக் கை பிடிக்கும்? முழுக்க முழுக்கத் தடையாக இருக்கும் ஒன்றுக்குக் கைப்பிடி என்று பெயர் வைத்திருக்கிறோம். தடுக்கிறவன் 'உன்னைத் தாங்குகிறேன்' என்று சொல்வது அதிகாரத்தின் பழைய பேச்சு. கிராதியின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தக் கேள்வியை விடாமல் கேட்க வேண்டியிருக்கிறது: இது யாருக்குப் பிடி, யாருக்குத் தடை?

3

இந்தியத் துணைக்கண்டத்தில் இன்றும் பார்க்கக் கிடைக்கிற பழைய கல் கிராதிகளில் முக்கியமானவை பௌத்தத் தூபிகளைச் சுற்றியவை. சாஞ்சிப் பெருந்தூபியின் கிராதி கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தரையில் ஒரு சுற்று. தெற்குப் பக்கம் இரட்டைப் படிக்கட்டு, அதற்கும் கல் கிராதி. மேல்தளத்தில் வலம்வரும் பாதைக்கு இன்னொன்று. மரவேலையை அப்படியே கல்லில் செய்திருக்கிறார்கள். நிற்கும் தூண் 'தம்பம்'. தூணின் துளைக்குள் நுழையும் குறுக்குச் சட்டம் 'சூசி', அதாவது ஊசி. எல்லாவற்றுக்கும் மேலே கவிழ்ந்திருக்கும் கல் 'உஷ்ணீஷம்', அதாவது தலைப்பாகை. கல்லைக் கோத்துத் தைத்துத் தலைப்பாகை கட்டிவிட்டது போல இருக்கிறது பெயர்கள்.

இந்தக் கிராதி புனிதத்தையும் புறத்தையும் பிரிக்கும் வேலி என்பது சரிதான். தடைதான். ஆனால் அருகே போனால் வேறொன்று தெரிகிறது. தூணிலும் சூசியிலும் நூற்றுக்கணக்கான சிறு கல்வெட்டுகள். எல்லாம் ஒரே வாசகம்: இன்னாருடைய கொடை. பிக்குணிகள், வணிகர்கள், நெசவாளி, இல்லத்தரசிகள், ஒரு ஊரார் சேர்ந்து கொடுத்தது என்று நீளுகிறது. ஒரு அரசன் கட்டி நிறுத்திய வேலி அல்ல இது. ஆளுக்கொரு கல்லாகப் போட்டு எழுப்பியது.

அமராவதியிலும் இதே கதை. அங்கே கல் கொடுத்தவர்களில் ஒருவர் விதிகர், தோல் தொழிலாளி. நாகர் என்ற ஆசிரியரின் மகன். தாயையும் மனைவியையும் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, பூரண கும்பம் செதுக்கிய பலகை ஒன்றைக் கொடை செய்திருக்கிறார். தன் தொழிலின் பெயரை மறைக்கவில்லை, கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் எந்தக் கோயில் படியிலும் கால்வைக்க முடியாதபடி ஆக்கப்பட்ட ஒரு தொழிலின் பெயர், ஒருகாலத்தில் புனித எல்லைக்குள்ளேயே எழுத்தாக நின்றது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் அமராவதிக் கூடத்தைக் கடந்துபோகும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி நம் கோயில்களுக்கு வருவோம். தாராசுரம், 12ஆம் நூற்றாண்டு, இரண்டாம் இராசராசன் கட்டியது. படிகளின் இரு பக்கமும் யாளியும் யானையும். துதிக்கை சரிந்து இறங்கிச் சுருண்டு நிற்கும். சிற்ப நூல் மரபில் இந்தப் பக்கக்கல்லுக்கு 'ஹஸ்தி ஹஸ்தம்' என்றே பெயர், யானையின் கை. தமிழிலும் துதிக்கை, தும்பிக்கை எல்லாம் கைதானே. அற்புதமான கற்பனை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லில் கை வைத்துப் பாருங்கள். உள்ளங்கைக்கு அடங்காது. ஒரு கிழவி பிடித்து ஏறுவதற்காகச் செய்ததல்ல அது. ஏறுகிறவர் யாரென்று உலகுக்குக் காட்டச் செய்தது. யானையின் கைக்கு இடமிருந்தது, மனிதக் கைக்கு இல்லை.

எல்லா மனிதர்க்கும் காலுக்குமே இடமில்லையே, கையைப் பற்றி ஏன் பேசுகிறாய் என்று கேட்கலாம். நியாயம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் முன்னின்று தலித்துகளை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8 அன்று. சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். அதுவரை பெரும் எண்ணிக்கையிலான மக்களுக்கு அந்தப் படிக்கட்டே ஒரு தடுப்புதான். படியே மறிக்கும்போது படிக்குப் பக்கத்தில் தனியாகக் கிராதி எதற்கு?

4

இன்று நாம் 'பலஸ்டர்' என்று சொல்லும் வயிறு பருத்த சிறுகால் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பரவியது. பெயரின் வேர் கிரேக்கத்தில் காட்டு மாதுளையின் பூ. மொட்டின் பருத்த வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். அரண்மனையிலிருந்து பிரபுவின் மாளிகைக்கும், அங்கிருந்து வணிகனின் வீட்டுக்கும், பின் கப்பலேறி நம்மூர் வெள்ளைக்கார பங்களாக்களுக்கும் அந்த மாதுளம்பூ வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றை மாளிகைக்காரர்களின் ரசனையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அதன் கடினமான பகுதியைத் தீர்த்தவர்கள் தச்சர்கள். கைச்சட்டம் சரிந்து ஏறும்போதே வளையவும் வேண்டும். அந்த முறுக்குத் துண்டைத் தட்டையான பலகையிலிருந்து எப்படி வெட்டி எடுப்பது? கண்ணளவில் வெட்டினால் மரம் வீணாகும். பீட்டர் நிக்கல்சன் என்பவர் ஸ்காட்லாந்தில் ஒரு கல்தச்சரின் மகன், மரத்தச்சராகத் தொழில் பழகியவர். லண்டனுக்குப் போய்த் தொழிலாளர்களுக்கு மாலைப் பள்ளி நடத்தினார். 1792இல் தச்சர்களுக்கான அவருடைய வழிகாட்டி நூல் வெளியானது. உருளையைச் சாய்வாக வெட்டினால் கிடைக்கும் வடிவத்தை வைத்து, முறுக்குத் துண்டுக்கு முன்கூட்டியே வரைபடம் போடும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். 1814இல் லண்டன் கலைக் கழகம் கைச்சட்ட வேலைக்காகவே அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. வடிவியல் பல்கலைக்கழகத்திலிருந்து பட்டறைக்கு இறங்கி வந்தது என்ற கதையை நாம் கேட்டிருக்கிறோம். இங்கே கேள்வி பட்டறையில் பிறந்து, அங்கேயே விடையும் கண்டது.

அந்த அருமையான சட்டத்தைப் பிடித்து ஏறியவர் யார்? பெரிய வீடுகளில் இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. முன்பக்கம் அகன்று, தாழ்ந்து, மெல்ல ஏறும் படி எசமானர்களுக்கு. பின்பக்கம் குறுகிய, செங்குத்தான படி வேலைக்காரர்களுக்கு. தட்டும் தண்ணீரும் சுமந்து ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குகிறவளுக்குத்தான் பிடி அதிகம் வேண்டும். கிடைத்ததோ எப்போதாவது ஏறுகிறவருக்கு.

காலனிய இந்தியாவில் இதோடு சாதி சேர்ந்துகொண்டது. கல்கத்தா போன்ற நகரங்களின் பழைய வீடுகளின் பின்சுவரில் இரும்புச் சுழல்படி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இன்று அதைப் படம் எடுத்து அழகு என்கிறார்கள். அது எதற்கு? மாடியிலிருக்கும் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வருகிறவர் வீட்டுக்குள் கால்வைக்காமல் வெளியிலிருந்தே ஏறி, வெளியிலிருந்தே இறங்குவதற்கு. அந்தச் சுழல்படியிலும் கைப்பிடி உண்டு. ஒரு கையால் அதைப் பிடித்திருப்பார், மறு கையில் மலவாளி. முன்வாசல் கிராதியின் மாதுளம்பூவையும் இந்த இரும்புக் குழாயையும் ஒரே வரலாற்றில் வைத்து எழுதாத எந்தக் கட்டடக்கலை நூலும் எனக்கு அரைகுறைதான்.

5

இதுவரை பேசியது வீடும் கோயிலும். பொதுக் கட்டடத்தில் கூட்டம் ஏறத் தொடங்கியதும் கிராதியின் வேலை மாறுகிறது. தனி மனிதருக்குப் பிடி கொடுப்பது பின்னால் போய், கூட்டத்தை மறித்துப் பிரிப்பது முன்னால் வருகிறது.

கூட்டத்தின் ஆபத்து நவீனமானது மட்டுமல்ல. திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் 1849இல் திருவிழாக் கூட்டத்தில் பீதி பரவி, நெரிசலில் சுமார் 250 பேர் இறந்தார்கள். மேலிருந்து வருகிறவர்களுக்குக் கீழே விழுந்தவர்கள் தெரியாது. சமதளத்தில் நெரிசல் என்றால் நிற்கவாவது முடியும். படியில் பின்னாலிருப்பவரின் எடை முழுக்க முன்னாலிருப்பவர்மேல் இறங்கும்.

நவீன காலத்தில் புதிதாகச் சேர்ந்தது தடுப்பின் தர்க்கம். இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 1883 ஜூன் 16, இங்கிலாந்தில் சண்டர்லாண்ட் நகரின் விக்டோரியா அரங்கு. குழந்தைகளுக்கான வித்தை நிகழ்ச்சி முடிந்து, குறிப்பிட்ட எண்ணுள்ள சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். மாடியிலிருந்த குழந்தைகள் கீழே கிடைக்கிற பரிசுக்காகப் படியில் ஓடினார்கள். படியின் அடியில் இருந்த கதவு, ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவுக்குத் திறந்து, தாழிடப்பட்டிருந்தது. 183 குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

1903 டிசம்பர் 30, சிகாகோ, இரோக்வா நாடக அரங்கு. மலிவுக் கட்டணம் கொடுத்து மேல்மாடியில் உட்கார்ந்தவர்கள், விளக்கணைந்ததும் இறங்கி வந்து விலை உயர்ந்த காலி இருக்கைகளில் உட்கார்ந்துவிடக் கூடாது. இதற்காக நாடகம் நடக்கும்போது படிக்கட்டின் குறுக்கே மடிப்பு இரும்புக் கதவை இழுத்துப் பூட்டுவது வழக்கம். மேடையில் தீப்பிடித்தது. 602 பேர் செத்தார்கள். மேல்மாடிக்காரர்களில் பலர் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் சிக்கினார்கள். தீயே பிடிக்காத அரங்கு என்று விளம்பரம் செய்திருந்தார்கள். வர்க்க வேறுபாட்டைப் பற்றி இதைவிடத் தெளிவான வரைபடம் வேண்டுமா? மலிவுச் சீட்டுக்காரன் மேலே இருந்தான், இறங்கும் வழியில் இரும்பு நின்றது.

உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு, படியின் அகலக் கணக்கு, அகன்ற படியின் நடுவிலும் கைச்சட்டம் எனக் கட்டட விதிகளில் இருக்கும் வரிகள் பலவும் இப்படிப்பட்ட பிணங்களுக்குப் பிறகு எழுதப்பட்டவை. நடுச்சட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அகலமான படியின் நடுவில் இறங்குகிறவருக்கு எட்டுகிற தூரத்தில் எதுவுமே இல்லை. அவர் தடுமாறினால் பிடிப்பது முன்னாலிருப்பவரின் முதுகைத்தான்.

விதி எழுதினால் மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 2017 செப்டம்பர் 29 காலை, மும்பை எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைமேம்பாலம். மழைக்கு ஒதுங்கியவர்களும் வேலைக்கு ஓடியவர்களும் குறுகிய படியில் அடைபட்டு 23 பேர் இறந்தார்கள். சிலர் கிராதியின்மீது ஏறி வெளியே தொங்கித் தப்பினார்கள். உள்ளே பிடியாக உதவாதது, வெளியே ஏணியாக உதவியது. அடுத்த ஆண்டே ராணுவம் வந்து புதிய பாலம் கட்டிக் கொடுத்தது. தினமும் லட்சக்கணக்கான உழைப்பாளிகள் மிதித்த படிக்கு அகலம் கிடைக்க 23 சாவு தேவைப்பட்டது.

சென்னையில் இராஜாஜி மண்டபம் இருக்கிறதே, அதன் முன்புறப் படிகளை நினைத்துப் பாருங்கள். திப்புவை வீழ்த்திய வெற்றியின் நினைவாக, கோல்டிங்காம் வடிவமைத்து 1802இல் முடித்த விருந்து மண்டபம். வெள்ளை அதிகாரிகளும் அவர்கள் சீமாட்டிகளும் ஏறுவதற்கான அகன்ற படிகள். அங்கே ஆயிரக்கணக்கான கால்கள் ஏற நேர்ந்தது நம் தலைவர்களின் சாவில்தான். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர். அவ்வளவு அகன்ற படிகளின் முன் மக்களுக்குக் கிடைத்தது சவுக்குக் கட்டையும் இரும்புத் தடுப்பும். 2018 ஆகஸ்டில் கலைஞருக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்களில் இருவர் நெரிசலில் இறந்தார்கள். கூட்டம் என்றாலே அதைத் தடுக்க வேண்டும் என்றுதான் நம் அரசு நினைக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு கைப்பிடி வேண்டும் என்று அது நினைத்துப் பார்த்ததில்லை.

6

கிராதியைத் தடையிலிருந்து மீட்டுப் பிடியாக்கியது யார்? படியேற முடியாதவர்கள்.

1990 மார்ச் 12, வாஷிங்டன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளுக்கு முன்னால் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் போட்டுவிட்டு, அறுபது பேர் போலக் கைகளாலும் முழங்கால்களாலும் ஊர்ந்து ஏறினார்கள். அவர்களில் ஜெனிபர் கீலன் என்ற எட்டு வயதுச் சிறுமியும் இருந்தாள். அதே ஆண்டு ஜூலை 26இல் சட்டம் கையெழுத்தானது. மக்களாட்சியின் சின்னம் என்று சொல்லப்படும் படிக்கட்டு, சிலருக்கு வெறும் சுவர் என்பதை அவர்கள் உடம்பாலேயே எழுதிக் காட்டினார்கள்.

இந்தியாவில் 1995இல் முதல் சட்டம். 2016இல் அதைவிட விரிவான சட்டம். இருக்கிற பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் அணுகும்படி மாற்ற வேண்டும் என்றது அது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் விரிவான ஆணைகள் பிறப்பித்தது. அவை நடக்கவில்லை என்று மறுபடி வழக்கு. 2024 நவம்பர் 8 தீர்ப்பில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை போல வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று நீதிமன்றம் சொன்னது. மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்கவும் உத்தரவிட்டது. செய்தால் நல்லது என்பதற்கும் செய்தே ஆக வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தைக் கடக்க இத்தனை காலம். நண்பர் சொன்னார்: "பேரை மாத்திட்டாங்க தோழர், படியை மாத்தல."

அந்தத் தரங்களை நான் எடுத்துப் படித்தேன். வறண்ட எண்கள் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். கைச்சட்டம் இரு பக்கமும் இருக்க வேண்டும். இரண்டு உயரங்களில்: 900 மில்லிமீட்டரில் ஒன்று, 760இல் ஒன்று. குழந்தையும் குள்ளமானவரும் மனிதர்தான் என்பது இந்த இரண்டாவது எண்ணின் பொருள். குறுக்களவு 38 முதல் 45 மில்லிமீட்டர்: விரல்கள் சுற்றி வளைந்து கட்டைவிரல் பூட்டிக்கொள்ளும் அளவு. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே 50 மில்லிமீட்டராவது: விரல் கணு உரசாமல் நுழைய. முதற்படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் 300 மில்லிமீட்டர் நீட்டம்: கண் தெரியாதவருக்குப் படி தொடங்கப்போகிறது, முடிந்துவிட்டது என்று கைக்குச் சொல்ல. சிறுகால்களுக்கு நடுவே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பதும் பல நாடுகளின் விதி: குழந்தையின் தலை நுழையாமலிருக்க.

கருத்தரங்கில் நான் என்ன வாசித்தேன்? நவீன அதிகாரம் உடலை அளக்கிறது, அளப்பதன் மூலம் அடக்குகிறது. அதை இப்போதும் மறுக்கவில்லை. பள்ளியிலும் சிறையிலும் பட்டாளத்திலும் அளந்தது அதற்காகத்தான். ஆனால் இங்கேயும் உடலைத்தான் அளந்திருக்கிறார்கள், விரல் கணுவரைக்கும். அளக்கச் சொல்லிப் போராடியவர்கள் அளக்கப்பட்டவர்களேதான். எல்லா அளவும் ஒடுக்குமுறை என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்தால், 38 மில்லிமீட்டருக்காக வழக்கு நடத்துகிறவரிடம் என்ன சொல்வோம்? 'பொது மனித உடல்' என்ற பெருங்கதையாடலை உடைக்க வேண்டும் என்று நாம் எழுதினோம். இரண்டு உயரத்தில் இரண்டு குழாய் மாட்டச் சொன்னவர்கள் அதை உடைத்தே காட்டியிருக்கிறார்கள்.

7

கட்டட உரிமையாளரிடம் போய்ச் சொன்னோம். "இதுவரைக்கும் யாரும் விழலையே சார்" என்றார். விழுந்தால்தான் விதி என்பது அரசின் தர்க்கம் மட்டுமல்ல, வீட்டுக்காரரின் தர்க்கமும்தான். ஏற முடியாமல் திரும்பிப் போனவர்கள் விழுந்தவர்கள் கணக்கில் வருவதில்லை. கடைசியில் செலவை நாங்களே ஏற்பதாகச் சொன்னதும் சம்மதித்தார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். சாஞ்சி நினைவுக்கு வந்ததை மறைக்க வேண்டியதில்லை.

வெல்டிங் பட்டறைத் தம்பி வந்தார். அளவு எடுத்தார். "எந்தப் பக்கம் சார் மாட்டணும்?" என்றார்.

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. கம்பி நிற்கிற பக்கம்தானே என்றார் ஒருவர். ஏறும்போது அது இடது, இறங்கும்போது வலது. நண்பருக்கு வலது கை ஊன்றுகோலில். அப்படியானால் இறங்கும்போது எதைப் பிடிப்பார்? இவ்வளவு படித்த பிறகும் இது எனக்கு உறைக்கவில்லை. அவருக்கே போன் போட்டுக் கேட்டோம். "ரெண்டு பக்கமும்" என்றார். சுவர்ப் பக்கமும் ஒரு குழாய் போனது.

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஏறி வந்தார். நேரம் ஆனது, ஆனால் யாரும் தூக்கவில்லை. உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவர் செய்த முதல் காரியம், என் கட்டுரையை முக்கால் மணி நேரம் கிழித்தது. இந்தக் குறிப்புகளின் முதல் வடிவத்தை அன்று வாசித்திருந்தேன். "கைப்பிடியைக் கொண்டாடிட்டீங்க தோழர். கைப்பிடி ஏறக்கூடியவனுக்குத்தான். சக்கர நாற்காலிக்காரன் இன்னும் அந்த டீக்கடையிலதான் உக்காந்திருக்கான். குழாய் மாட்டினதோட முடிஞ்சுதுன்னு எழுதிடாதீங்க. கூட்டத்தை எதுக்கு மாடியில போடுறீங்க?"

வாடகை, என்று முனகினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு தரைத்தளத்தில் இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். மூன்று இடம் பார்த்தாயிற்று. இரண்டுக்கு வாசலில் நாலு படி, ஒன்றுக்குக் கழிப்பறை மாடியில். இதைப் படிக்கிற நண்பர்கள் தங்கள் ஊரில் கடைசியாகக் கூட்டம் நடத்திய இடத்தின் படிக்கட்டை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எத்தனை படி, எந்தப் பக்கம் பிடி, யார் யார் வரவில்லை. விவாதத்தை அங்கிருந்து தொடரலாம்.